ஏறக்குறைய அதே எழுத்து

உலகத்திலுள்ள எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுப்பதற்கென்று ஒரு பேரவை இருக்கிறது. எண் கிடைத்த எழுத்து எந்தக் கணினியிலும் எந்தக் கைபேசியிலும் தலைநிமிர்ந்து நிற்கும். கிடைக்காத எழுத்து வெறும் பெட்டியாகத் தெரியும். பேரவையில் இருப்பவர்கள் படித்தவர்கள், நிதானமானவர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். பல்லிளிக்கும் பூனை முகத்துக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அழுதுகொண்டே சிரிக்கும் பூனைக்கும் கொடுத்திருக்கிறார்கள். அத்தனாசியின் அண்ணன் பெயரில் நடுவே வரும் எழுத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதனால் எந்தக் குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்கள் வடதுருவக் கரையிலுள்ள உக்சுக்தூக்குக்கு வந்து ஒரு குளிர்காலம் இருந்து பார்க்க வேண்டும்.

அத்தனாசி அந்த ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சுற்றிலும் கடல்தான், ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி அது கல். ஏரிப்பனியில் துளை போட்டு இறைத்த தண்ணீரை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அவருடைய அண்ணன் கிழுக், பனி இளகத் தொடங்கிய பருவத்தில் ஒரு நாள் வண்டியோடு கடல்பனிக்குள் இறங்கிவிட்டார். வண்டியின் இருக்கை மட்டும் மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காவிட்டால் என்ன, பெயர் இருக்கிறதே என்றுதான் அந்த மக்கள் நினைப்பார்கள். செத்தவரின் பெயர் எங்கேயோ காத்துக்கொண்டிருக்கும். பிறக்கிற பிள்ளைக்கு அதை வைத்ததும் ஆள் வீடு திரும்பியதாகக் கணக்கு. பாட்டன் பெயரைச் சுமப்பதால்தான் பேரன் என்று சொல்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஆனால் நாம் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர்கள் உறவையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே அத்தனாசியின் மகள் டொலரோசா ஆண்பிள்ளை பெற்று, அதற்குக் கிழுக் என்று பெயர் வைத்ததும், பெற்ற பிள்ளையையே "பெரியப்பா" என்று கூப்பிடத் தொடங்கினாள். ஐம்பது வயது அத்தனாசி தொட்டிலுக்குள் குனிந்து, "அண்ணே, சுகமா?" என்றார். கிழுக்கின் விதவை நிவியாக் அடுத்த வீட்டிலிருந்து வந்தாள். வாசலில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம்தான் உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்து, "ஏங்க, வந்துட்டீங்களா?" என்றாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அன்று அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அத்தனாசி லாரியின் குழாயை நிறுத்த மறந்து, பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டு முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது.

அந்த நடு எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த மொழியில் ஓர் அசைக்கு ஒரு குறி. ஒரே கொக்கி மேலே பார்த்தால் 'இ' ஓசை, வலப்பக்கம் திரும்பினால் 'உ', இடப்பக்கம் திரும்பினால் 'அ'. எளிய ஏற்பாடு. ஆனால் நாக்கை மடித்துச் சொல்லும் ஓர் ஓசை அந்தக் கரையில் மட்டும் உண்டு, அதற்குத் தனிக் கொக்கியும் உண்டு. தமிழில் ழகரம் இருப்பதால் இந்தக் கதையை எழுத முடிகிறது. பேரவையின் அட்டவணையில் அந்தக் கொக்கி இல்லை.

பிள்ளை பிறந்தது தெற்கே நகரத்து ஆஸ்பத்திரியில். பிறப்புச் சான்று பின்னால் விமானத்தில் வந்தது. அதை வாங்கப் போனபோது ஊர் அலுவலகத்து எழுத்தர் ஒக்தாவ் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, பேரு வந்துருச்சு. ஆனா வேற ஆளு வந்துருக்காரு."

"என்னடா உளர்றே?"

ஒக்தாவ் வாயால் சொல்லவில்லை, காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். கிருக் என்றிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'கோரிய எழுத்து இல்லாமையால் ஏறக்குறைய அதே எழுத்து இடப்பட்டுள்ளது.'

கிருக் என்று ஒருவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார். தமிழ்க் காதுக்கு அது கிறுக்கு என்று கேட்பது தற்செயல், ஆனாலும் அவரைப் பற்றி ஊரில் அப்படியும் ஒரு கருத்து உண்டு. அடுத்தவர் ஒளித்து வைத்த இறைச்சியை எடுப்பவர், யாரோடும் ஒட்டாதவர். நிவியாக்கைக் கட்ட ஆசைப்பட்டார். அவள் கிழுக்கைக் கட்டிக்கொண்ட வசந்தத்தில் நாய்வண்டியைப் பூட்டிக்கொண்டு கடல்பனி மேல் போனார், திரும்பவில்லை. நாற்பது வருஷமாகியும் யாரும் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. சத்தம் போட்டுச் சொல்வதுகூட இல்லை.

இப்போது அரசாங்கமே சொல்ல ஆரம்பித்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா, "கிருக்! கிருக் வந்திருக்காரா?" என்று வராந்தா அதிரக் கூப்பிட்டாள். ஊர் வானொலி தடுப்பூசிக்கு வர வேண்டிய பிள்ளைகளைப் படிக்கும்போது, எல்லா வீட்டுச் சமையலறையிலும் கிருக், கிருக் என்றது. வீட்டில் கிழுக் என்று கூப்பிட்டார்கள்தான், ஆனால் வானொலிக்கு முன்னால் வாய் எந்த மூலைக்கு. நாற்பது வருஷம் கூப்பிடாதவரை ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டால் வராமல் என்ன செய்வார்?

முதலில் கண்டுபிடித்தவள் நிவியாக்.

"இது அவரு இல்ல" என்றாள்.

"என்னண்ணி சொல்றீங்க?"

"அவரு என்னப் பாத்தா கொட்டாவி விடுவாரு, கல்யாணத்தன்னிக்கே விட்டாரு. இவன் பாக்குற பார்வையப் பாரு. கடை வாசல்ல நின்னு பாப்பானே, அதே பார்வை." குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்டாள், "டேய், நீயா?"

அதுவரை சிரிக்காத பிள்ளை வாய் கொள்ளாமல் சிரித்தது. 'ஏங்க' என்ற சொல் அன்றோடு அந்த வீட்டில் நின்றுவிட்டது.

மறுநாள் நடுப்பகலில், அதாவது அந்த மாதத்தில் கன்னங்கரிய இருட்டில், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள குளிர் அறையில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே நாற்பது டிகிரி உறைகுளிர், ஆனாலும் அது உறையவில்லை. அத்தனாசி தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. தன் லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீர் எது, கடல் தண்ணீர் எது என்று அவருக்குத் தெரியாதா? ஈரத்தடம் வெளிக்கதவிலிருந்து உள்கதவு வரை வந்து நின்றிருந்தது.

"அண்ணே, உள்ள வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே தொட்டிலில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தினமும் துடைத்தார். தினமும் தேங்கியது. பிறகு துடைப்பதை விட்டுவிட்டு, ஓரமாக ஒரு குவளைத் தேநீர் வைக்கத் தொடங்கினார். வேறு யாராவது தங்கள் பிள்ளைக்கு அண்ணன் பெயரை வைப்பார்களா என்று ஊரில் கேட்டுப் பார்த்தார். "கம்ப்யூட்டர் ரெண்டாவது கிருக்க அனுப்பிவெச்சா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆகவே ஒக்தாவை எழுதச் சொல்லிப் பேரவைக்கு விண்ணப்பம் போனது. பேரவை உடனே பதில் போட்டது. அந்த எழுத்து வழக்கில் இருப்பதற்கு அச்சிட்ட ஆதாரம் அனுப்புக என்றது. கோயிலில் பாடும் துதிகளின் கைப்பிரதியை அனுப்பினார்கள். கையெழுத்து ஆதாரமாகாது, அச்சில் வேண்டும் என்றது. எண் இருந்தால்தானே அச்சில் வரும் என்று ஒக்தாவ் எழுதினான். அது தங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் என்று பேரவை வருத்தம் தெரிவித்தது. இந்த எழுத்தைத் தற்போது பயன்படுத்துபவர் யார் என்று கேட்டது. அண்ணன் என்று எழுதினார்கள். அவருடைய தற்போதைய நிலை என்ன என்று கேட்டது. ஒக்தாவ் யோசித்து, 'ஈரம்' என்று எழுதப் போனான். அத்தனாசி தடுத்து, இறந்துவிட்டார் என்று எழுதச் சொன்னார். அது தப்பாகப் போயிற்று. செத்தவர்கள் பயன்படுத்தும் எழுத்துகளுக்குத் தனி உட்குழு இருக்கிறதாம். அங்கே களிமண் பலகையில் எழுதிய ராஜாக்கள் மூவாயிரம் வருஷமாக வரிசையில் நிற்கிறார்களாம். அவர்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

கடைசியில் யாருக்கு இரக்கம் வந்ததோ, பேரவையே நேரில் வந்து விசாரிப்பதாகத் தகவல் வந்தது.

மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் புத்தம்புதுச் சிவப்புக் குளிர்ச்சட்டை போட்டிருந்தார்கள், தலைவர் டாக்டர் ஹால்வர்சனின் சட்டையில் விலைச்சீட்டு தொங்கியது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். தேநீரும் வறுத்த ரொட்டியும் உண்டு என்பதால் ஊரே வந்திருந்தது. பிள்ளைக்கு ஜுரம் என்று நிவியாக் மட்டும் அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

டாக்டர் ஹால்வர்சன் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று பேசினார், ஒக்தாவ் மொழிபெயர்த்தான்.

"நண்பர்களே, எழுத்து மனித குலத்தின் பொதுச் சொத்து. அதனால்தான் அதை நாங்க வெச்சிருக்கோம். சின்ன மொழி, பெரிய மொழின்னு எங்களுக்கு பேதம் கிடையாது. பெரிய மொழி முதல்ல, அவ்வளவுதான். எங்க பேரவையோட உயிர்நாடி நிலைபேறு. ஒரு தடவை போட்டா போட்டதுதான். தப்பா இருந்தாலும் எடுக்க மாட்டோம். ஏன்னா அந்தத் தப்பை நம்பி எத்தனையோ பேர் பொழைப்பு நடத்துறாங்க. ஒரு தப்பைத் திருத்தினா, அதை நம்பின மத்த தப்பெல்லாம் தெருவுக்கு வந்துடும். இந்தப் பொறுப்புணர்ச்சிதான் எங்களை இந்த இடத்துல வெச்சிருக்கு."

கை தட்டினார்கள். ரொட்டி சூடாக இருந்தது.

"அப்ப பூனை?" என்று ஒக்தாவ் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டான். "பூனை சிரிச்சதுக்கு எப்படி எண் கொடுத்தீங்க?"

"பூனைத் தரப்புல ஆதாரம் வலுவா இருந்தது" என்றார் டாக்டர் ஹால்வர்சன்.

செயலாளர் அம்மாள் ஒலிவாங்கியை எடுத்து வருகைப் பதிவு படித்தாள். அத்தனாசி இருந்தார். டொலரோசா இருந்தாள். "பாதிக்கப்பட்ட பயனாளர், கிருக்?"

ஒலிபெருக்கி கரகரத்தது.

"இருக்கேன்."

வயசான குரல். நெடுநாள் பேசாத தொண்டை. கூடத்தில் அத்தனை பேரும் குவளையைக் கீழே வைத்தார்கள். பின்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கதவுப் பக்கம் நகர்ந்தார்.

செயலாளர் அம்மாள் குறித்துக்கொண்டாள். "நன்றி. கிருக் அவர்களே, உங்க பேரு இப்ப எழுதப்படுற விதத்துல ஆட்சேபம் உண்டா?"

"இல்ல" என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் பொறுத்து, "என்ன யாராச்சும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு" என்றது.

"ஆட்சேபம் இல்லைன்னு பதிவு செய்றேன். பிற்பகுதி பொருளுக்கு அப்பாற்பட்டது."

அத்தனாசி எழுந்தார். "அய்யா, இவரு வேற ஒருத்தரு. எங்கண்ணன் வெளிய நிக்கிறாரு. இவரக் கூப்பிட்ட மாதிரி அவரையும் ஒரு தடவ கூப்பிடுங்க, போதும்."

"பேரு?"

"கிழுக்."

செயலாளர் அம்மாள் தட்டினாள். திரையில் நடுவே ஒரு பெட்டி தெரிந்தது. அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் அத்தனாசியைப் பரிவோடு பார்த்தார். "இதை எப்படிங்க கூப்பிடுறது? கூப்பிட்டு அவரு வந்துட்டா, வந்தது யாருன்னு எப்படிப் பதிவு பண்றது?"

அத்தனாசி கதவைப் பார்த்து, "அண்ணே!" என்று கத்தினார். அண்ணன் என்பது யாருக்கும் பொதுப்பெயர்தானே. ஆனாலும் கதவின் கீழிடுக்கிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. கூடைப்பந்துக் கோடு வரை வந்து நின்றது. அங்கேயே கிடந்தது. முன்வரிசைப் பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். "தரையில் ஈரம், பராமரிப்புத் துறைக்குத் தெரிவிக்கப்படும்" என்று செயலாளர் அம்மாள் குறித்துக்கொண்டாள்.

பிறகு தீர்மானம் நிறைவேறியது. புது எழுத்து பரிசீலிக்கப்படும். அது ஒருபுறமிருக்க, இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்தாகையால், அவற்றால் எழுதப்படும் பெயர்கள் எல்லாக் காரியங்களுக்கும் ஒரே பெயராகக் கருதப்படும்.

"அய்யா, ஒருத்தரு எங்கண்ணன். இன்னொருத்தரு எங்கண்ணன் பொண்டாட்டிக்கு ஆசப்பட்டவரு. ரெண்டும் ஒண்ணா?" என்றார் அத்தனாசி.

"பார்வைக்கு வித்தியாசம் இருக்கலாம்" என்றார் டாக்டர் ஹால்வர்சன். "எண்ணளவுல கிடையாது." எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஈரத்தைத் தாண்டிப் போனார்கள்.

பிள்ளை வளர்ந்தான். பிறத்தியார் இறைச்சியை எடுக்கவில்லை. நிவியாக் பின்னாலேயே சுற்றினான். மீன் தலையில் கன்னச்சதையைப் பிய்த்து அவளுக்கு வைத்துவிட்டுத்தான் தான் தின்பான். அவள் முதலில் முறைத்தாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். "டேய்" என்று அவள் கூப்பிடுவதில் அதட்டல் போய் வேறொன்று வந்துவிட்டது. "நாப்பது வருஷமா ஒருத்தருக்கும் இவன் பேரு தோணல பாரு" என்றாள் ஒரு நாள். "தப்பாவாச்சும் ஒருத்தன் கூப்பிட்டான்."

அத்தனாசியின் பாடுதான் திண்டாட்டம். பேரன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் நெஞ்சு நிறையும். அந்த நிறைவோடு வெளியே வந்தால் காலடியில் அண்ணன் நிற்பார், ஆறிப்போன தேநீரோடு. இவனைக் கொஞ்சினால் அவருக்குத் துரோகம், அவரை நினைத்தால் இவனுக்கு. பையன் வளர்ந்த நாலு வருஷமும் அவர் லாரியில் தனியாக இருக்கும்போது அழுதார்.

நாலாம் வருஷம் எழுத்துக்கு எண் கிடைத்தது. டாக்டர் ஹால்வர்சன் வாழ்த்து அனுப்பியிருந்தார். அந்த வாரமே டொலரோசா தெற்கே இன்னோர் ஆண்பிள்ளை பெற்றாள். அத்தனாசி அலுவலகத்துக்கு ஓடினார். ஒக்தாவ் புது எழுத்தைத் தட்டினான். நடுவில் கொக்கி அழகாக வந்து உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினான். திரும்பி வந்தது: 'ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரு பிள்ளைகளைப் பதிய இயலாது.'

"அன்னிக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தீர்மானம் போட்டாங்கள்ல, மாமா. அத ரத்து பண்ண முடியாதாம். நிலைபேறாம். பேரு கட்டத்துல வெறும் பெட்டிதான் நிக்குது."

"பெட்டியே இருக்கட்டும்" என்றார் அத்தனாசி.

"மாமா?"

"பெட்டியப் பாத்து எவனும் எவனையும் தப்பாக் கூப்பிட முடியாதுல்ல? விடு. நான் வாயால கூப்பிட்டுக்கறேன்."

விமானத்திலிருந்து டொலரோசா பிள்ளையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். குளிர் அறையில் தண்ணீருக்குள் நின்றாள். அத்தனாசி நாக்கை நன்றாக மடித்து, தெருவுக்கே கேட்கும்படி, "கிழுக்! அண்ணே, உள்ள வாங்க!" என்றார். குனிந்து பார்த்தபோது தரை காய்ந்திருந்தது. உப்புப் பூத்திருந்தது.

உள்ளே நிவியாக் பிள்ளையை வாங்கினாள். அது அவள் முகத்தைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டது. அவள் ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க" என்றாள். "இவ்வளவு நேரமா?"

எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றபோது நிவியாக்கின் மடியோரம் இருந்த சிறுவன் கிருக் நழுவி இறங்கினான். அத்தனாசி தற்செயலாகத் திரும்பினார். பையன் கதவோரம் உட்கார்ந்து தோல் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான், சட்டையில்லாமல், தொப்பியில்லாமல்.

"எங்கடா?"

"அவரு வந்துட்டாருல்ல" என்றான். அது நாலு வயசுக் குரல் இல்லை. ஒலிபெருக்கியில் கேட்ட குரல். "நான் கெளம்பறேன். அவகிட்ட சொல்ல வேணாம்."

அண்ணனைக் கூப்பிட்ட வாயால் பேரனை அனுப்பிவிட்டோமா? பையன் எழுந்து கைப்பிடியில் கை வைத்தான். வெளியே இருட்டு, கடல்பனி, நாற்பது வருஷம். அத்தனாசி வாய்க்கு வந்ததைச் சொன்னார், வந்தது பேரவையின் பேச்சுதான்.

"டேய், நில்லு. நீ பதிவான ஆளு. கூட்டத்துல வெச்சு உன்னக் கூப்பிட்டாங்க, நீயும் இருக்கேன்னு சொன்னே, அது எழுத்துல இருக்கு. போட்டா போட்டதுதான். தப்பா இருந்தாலும் எடுக்க முடியாது. ஏன்னா உன்ன நம்பி…" தரையில் மண்டியிட்டார். "உன்ன நம்பி இங்க எத்தன பேரு இருக்கோம்."

பையன் கதவைப் பார்த்தான். தொட்டிலைப் பார்த்தான்.

"மாத்தவே முடியாதா?"

"கடவுளே வந்தாலும் விண்ணப்பம் போட்டுட்டு வரிசையிலதான் நிக்கணும்."

பையன் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தாத்தா பக்கம் நீட்டினான்.

"அப்ப கழட்டி விடு."